கோனாவுக்குப் போக என்ன வேண்டும்? நெடுந்தூர டிரையத்லான்: வாசகர் கேள்வி-பதில்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் அயர்ன்மேன் பந்தயத்தின் உலகப் போட்டி ஹவாய்த் தீவிலுள்ள கோனாவில் நடக்கிறது. வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சியும் செய்யும் அமெச்சூர்கள் அங்கே இடம் பிடிப்பது எப்படி? கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

17 மணி நேரத்துக்குள் முடித்தாலே உலகப் போட்டிக்குப் போகலாம் என்கிறார் நண்பர். நான் லங்காவியில் முடித்துவிட்டேன். ஆனால் எந்த அழைப்பும் வரவில்லையே?
*வாசகர் (39), செந்தூல்*

நண்பர் சொன்னது தவறு. 17 மணி நேரம் என்பது பந்தயத்தை முடித்ததாக ஏற்றுக்கொள்வதற்கான கெடு மட்டுமே. உலகப் போட்டிக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்படும். 'ஸ்லாட்' என்பது அதைத்தான். உங்கள் வயதுப் பிரிவில் எந்த இடத்தில் முடித்தீர்கள், உங்கள் வயதுக்கு அந்த நேரம் எவ்வளவு சிறந்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் அது கைக்கு வரும்.

வயதுப் பிரிவுகள் 18-24, அதன் பிறகு 25-29, 30-34 என்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் போகும். பந்தய நாளன்று உங்களுக்கு என்ன வயது என்று பார்ப்பதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுவே கணக்கு. 39 வயதில் நவம்பர் தொடக்கத்தில் ஓடுகிறீர்கள், பிறந்தநாள் டிசம்பரில் என்றால், பந்தயம் 40-44 பிரிவில்தான். இது தெரியாமல் பழைய முடிவுப் பட்டியலில் வேறு பிரிவின் நேரங்களைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் பலர்.

2026 உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்றிலிருந்து முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதலாவதாக வருபவருக்கு நேரடி இடம். அவர் வேண்டாம் என்றால் இரண்டாமவருக்கும், அவரும் வேண்டாம் என்றால் மூன்றாமவருக்கும் போகும். அதற்கு மேல் அந்தப் பிரிவுக்குள் இறங்காது. மிச்சமுள்ள இடங்கள் பொதுத் தொகுப்பில் சேரும். அங்கே ஒவ்வொருவரின் நேரமும் அவரவர் பிரிவுக்கான எண்ணால் பெருக்கப்படும். கோனாவில் அந்தந்தப் பிரிவின் முன்னணி வீரர்கள் முந்தைய ஆண்டுகளில் எடுத்த நேரங்களிலிருந்து கணக்கிட்ட எண்கள் இவை. மிக வேகமான பிரிவின் எண் 1. மற்ற பிரிவுகளுக்கு அதைவிடக் குறைவு.

கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பிரிவின் எண் 0.90 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் 11 மணி நேரத்தில், அதாவது 660 நிமிடத்தில் முடித்தால் 660 × 0.90 = 594 நிமிடம், 9 மணி 54 நிமிடம். எண் 1 உள்ள பிரிவில் 10 மணி 5 நிமிடத்தில் வந்தவரைவிட இவர் பட்டியலில் மேலே இருப்பார். ஆண், பெண் இடங்களைப் பிரிக்கும் விதத்தில் திருத்தங்கள் வருவதுண்டு. அதனால் நீங்கள் பதிந்துகொண்ட பந்தயத்தின் வீரர் கையேட்டைப் படியுங்கள். நண்பர் சொல்வதோ பழைய இதழில் வந்ததோ செல்லாது, அந்தக் கையேடு சொல்வதே சட்டம்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்லாட் வழங்கும் நிகழ்ச்சியில் நீங்கள் நேரில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அடையாளப் பத்திரத்தோடு போங்கள், கட்டணத்தை அங்கேயே கட்ட வேண்டும். முழு தூரப் போட்டிக்கு அது 1,000 அமெரிக்க டாலருக்கு மேல். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கி வைக்கப்பட்டிருக்கும். லங்காவிக்குப் புறப்படும் முன்பே அதைத் திறந்து, கடன் வரம்பையும் பார்த்துவிடுங்கள். பந்தயம் சனிக்கிழமை என்றால் ஞாயிறு காலை விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். எட்டாவது, பத்தாவது இடத்தில் முடித்தவர்கள் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். மேலே இருப்பவர்களில் சிலர் ஏற்கெனவே வேறு பந்தயத்தில் இடம் வாங்கியிருப்பார்கள். சிலருக்கு விடுப்பு இருக்காது, சிலருக்குப் பணம் இருக்காது. கடைசிப் பெயர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருங்கள்.

குழுவாகப் பிரித்துச் செய்யும் ரிலேவுக்கு ஸ்லாட் கிடையாது. ஆண்டு முழுவதும் புள்ளிகள் சேர்த்து வாங்கும் ஏ.டபிள்யூ.ஏ. தங்கம், வெள்ளி, வெண்கலத் தகுதிகளாலும் கோனா இடம் வராது. வேகம் போதாது, ஆனால் விடமாட்டேன் என்பவர்களுக்கு 'லெகசி' என்று ஒரு வழி இருக்கிறது. முழு தூர அயர்ன்மேன் பந்தயங்களில் குறைந்தது 12 முடித்திருக்க வேண்டும், கோனாவில் ஒருமுறையும் பங்கேற்றிருக்கக் கூடாது, அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும்.

எனக்கு 53 வயது. பெண்களுக்கு, அதுவும் இந்த வயதில், வாய்ப்பு ஏதும் இருக்கிறதா? கேலி செய்வார்களோ என்று யாரிடமும் கேட்கவில்லை.
*வாசகி, செராஸ்*

கேலி செய்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியாது. உங்கள் வாய்ப்பு 30 வயது ஆண்களின் வாய்ப்பைவிட நல்லது. நம் வட்டாரப் பந்தயங்களில் 50 வயதைத் தாண்டிய பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். பிரிவின் முதலிடத்துக்கு நேரடி இடம் என்ற விதி உங்களுக்குத்தான் பெரிய பலன்.

ஆனால் கெடு நேரங்கள் எல்லாருக்கும் ஒன்றே. நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம். 100 மீட்டருக்குச் சராசரி 3 நிமிடம் 41 விநாடி. கடலில் நேராக நீந்த முடியாது என்பதால் நீச்சல் குளத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 10 விநாடியில் நிற்காமல் 3 கிலோமீட்டர் போக முடிகிறதா என்று பாருங்கள். சைக்கிள் முடிய, தொடக்கத்திலிருந்து 10 மணி 30 நிமிடம். நீச்சலுக்கு 2 மணி நேரமும் உடை மாற்றப் பத்து நிமிடமும் போனால் சைக்கிளுக்கு 8 மணி 20 நிமிடம் மிஞ்சும். அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 21.6 கிலோமீட்டர். லங்காவி மேடுகளில் அது சும்மா வராது. ஆகவே உங்கள் முதல் வேலை சைக்கிள். எடைப் பயிற்சியையும் வாரம் இருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு தசையும் எலும்பும் வேகமாகக் குறையும், நீண்ட ஓட்டம் மட்டும் அதைத் தடுக்காது.

பாதி தூரப் பந்தயத்தில் நல்ல இடம் பிடித்தால் கோனாவுக்குப் போகலாமா?
*வாசகர், பூச்சோங்*

முடியாது. பாதி தூரத்துக்கு (1.9 கி.மீ., 90 கி.மீ., 21.1 கி.மீ.) தனி உலகப் போட்டி இருக்கிறது. 2024இல் நியூசிலாந்தின் தாவ்போவிலும் 2025இல் ஸ்பெயினின் மார்பெய்யாவிலும் நடந்தது. 2026இல் பிரான்சின் நீஸ் நகரில். 70.3 எனப்படும் இந்தப் பாதி தூரப் பந்தயத்தின் ஸ்லாட் அதற்கு மட்டுமே செல்லும். முழு தூர உலகப் போட்டி 2023 முதல் 2025 வரை ஆண்களுக்கும் பெண்களுக்குமாக நீஸ், கோனா என்று பிரிந்து நடந்தது. 2026இலிருந்து இரு பாலாரும் மறுபடியும் கோனாவில்.

வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் பாதி தூரத்தைக் குறிவையுங்கள். முழு தூரத்தில் போட்டியிட 12 முதல் 15 மணி நேரம் வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். குடும்பத்தோடு பேசாமல் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சைக்கிளில் என் பிரிவில் முதல் பத்துக்குள் வருகிறேன். ஓட்டத்தில் 25ஆவது கிலோமீட்டருக்கு மேல் நடைதான். வயிறு குலுங்குகிறது, வாந்தி வருகிறது. ஓட்டப் பயிற்சி போதவில்லையா?
*வாசகர் (33), பிரிக்பீல்ட்ஸ்*

ஓட்டப் பயிற்சியைக் கூட்டுவதால் இது தீராது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மூன்றும் சைக்கிளில் தொடங்கியவை. நம் நாட்டுப் பந்தயங்களில் ஸ்லாட் கைநழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் வேகம். மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் அதிகபட்ச வாட் அளவைக் கண்டுபிடியுங்கள். எஃப்.டி.பி. என்பது அதுதான். முழு தூரத்தில் அதன் 65 முதல் 75 விழுக்காட்டுக்குள்தான் மிதிக்க வேண்டும். எஃப்.டி.பி. 220 வாட் என்றால் 70 விழுக்காடு 154 வாட். நம் வெயிலில் கீழ்ப்பாதியில் இருப்பது நல்லது. மேட்டில்கூட 85 விழுக்காட்டைத் தாண்டாதீர்கள். முதல் 60 கிலோமீட்டரில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். பவர் மீட்டர் இல்லாதவர்கள் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். அதே வேகத்தில் போகும்போது பின்பாதியின் துடிப்பு முன்பாதியைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால், வேகம் அதிகம் அல்லது தண்ணீர் குறைவு.

வாந்திக்குக் காரணம் இது. உடல் சூடேறும்போது இரத்தம் வியர்வைக்காகத் தோலுக்கும், உழைப்புக்காகக் காலுக்கும் போகிறது. குடலுக்கு மிச்சம் சொற்பம். அந்த நேரத்தில் கெட்டியான சர்க்கரைப் பானத்தை ஊற்றினால் குடல் உறிஞ்சாது. அது வயிற்றிலேயே நின்று குலுங்கும். 'ஜெல் (சர்க்கரைக் கூழ்) எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை ஜெல்லில் இல்லை. வேகத்தையும் சூட்டையும் குறைத்தால் அதே ஜெல் செரித்துவிடும்.

அடுத்து, எவ்வளவு குடிப்பது. இதை அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஆடையில்லாமல் எடை பாருங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். குடித்ததை அளந்து வையுங்கள். துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். 72.0 கிலோ 71.1 ஆகி, இடையில் 600 மில்லி குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.5 லிட்டர். காலை 6 மணிக்கு ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை அளந்தால் இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று தெரியும். போவது முழுவதையும் ஈடுகட்ட வயிற்றால் முடியாது. மணிக்கு 800 மில்லி, ஒரு லிட்டர் வரைதான் பலருக்கும் தாங்கும். எடையில் 2-3 விழுக்காடு இழப்பது பரவாயில்லை. எடை ஏறக் கூடாது, அதுதான் ஆபத்து. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். விரல்கள் வீங்கும், தலைவலி வரும், பேச்சு குழறும். அப்படி இருந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போக வேண்டும்.

சைக்கிளில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் ஏற்காது. ஃபிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போகும் என்பதால் இரண்டையும் கலக்கிறார்கள். விலை உயர்ந்த பொடி கட்டாயமில்லை. 60 கிராம் வெள்ளைச் சீனியோடு 30 கிராம் மால்டோடெக்ஸ்டிரின் அல்லது குளுக்கோஸ் மாவு கலந்தால் 90 கிராம், 2:1 விகிதம். உப்பு லிட்டருக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் சோடியம் தரும் அளவு. கால் தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 575 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இந்த 90 கிராமை ஒரே 750 மில்லி பாட்டிலில் கரைத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். உறிஞ்சும்போதெல்லாம் பக்கத்தில் வெறும் தண்ணீரும் ஒரு வாய் குடியுங்கள். பந்தய நாளன்று முதன்முதலாக இதைச் செய்யாதீர்கள். பயிற்சியில் மணிக்கு 50 கிராமில் தொடங்கி வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். குடலும் பழக வேண்டும், அதற்கு ஆறு வாரம் பிடிக்கும்.

கடைசியாக வெயில். மலேசியாவில் பிறந்து வளர்ந்த நமக்கு வெயில் பழக்கம்தானே என்ற நினைப்பு தவறு. குளிர்சாதன அறையில் வேலை, விடியற்காலை 5 மணிக்குத் தாமான் தாசிக் பெர்டானாவில் மெதுவோட்டம், கொண்டோவில் காற்றாடிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் டிரெய்னர் என்று வாழ்பவரின் உடல் பிற்பகல் வெயிலுக்குப் பழகியிருக்காது. முழு தூரத்தில் ஓட்டம் தொடங்குவது பெரும்பாலானவர்களுக்கு நண்பகலுக்குப் பிறகுதான். பந்தயத்துக்கு முந்தைய ஐந்தாறு வாரங்களில் வாரம் ஒருமுறை பகல் 12 மணிக்கு மேல் 30 நிமிடம் மெதுவாக ஓடத் தொடங்கி, ஒரு மணி நேரம் வரை கொண்டுபோங்கள். கடைசி இரண்டு வாரங்களில் இதை நாள்விட்டு நாள் செய்தால் உடல் சீக்கிரம் வியர்க்கவும் துடிப்பு இறங்கவும் தொடங்கும். தனியாக ஓடாதீர்கள். குளிர் நடுக்கம், மயிர்க்கூச்சு, தடுமாற்றம் வந்தால் அந்த நொடியே நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

பந்தயத்தில் தண்ணீர் நிலையங்களை ஓடிக் கடக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 20 விநாடி நடந்து, குடித்து, தொப்பிக்குள் ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். 21 நிலையங்கள் என்றாலும் போவது 7 நிமிடம். மாறாக, கடைசி 15 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் ஓடாமல் ஒன்பது நிமிட வேகத்தில் இழுத்துக்கொண்டு வந்தால் போவது 37 நிமிடத்துக்கும் மேல். தண்ணீரைத் தலையின் பின்புறம் ஊற்றுங்கள். மார்பில் ஊற்றினால் காலணிக்குள் இறங்கிக் கொப்புளம் வரும்.

குளத்தில் 2 கிலோமீட்டர் நீந்துவேன். கடலில் இறங்கியதும் மூச்சு முட்டுகிறது. கோலாலம்பூரில் கடலும் இல்லை. வெட்சூட் (ரப்பர் நீச்சல் உடை) வாங்கினால் உதவுமா?
*வாசகர், பத்துமலை*

வெட்சூட் வாங்க வேண்டாம். அமெச்சூர்களுக்குத் தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் அனுமதி. நம் கடல் ஏறக்குறைய 29-30 டிகிரி. கோனாவிலும் அனுமதி இல்லை. துணியால் ஆன ஸ்விம்ஸ்கின் போடலாம், ஆனால் முதல் பந்தயத்துக்கு அது தேவையில்லை.

மூச்சு முட்டுவது பெரும்பாலும் முதல் 200 மீட்டரை வேகமாகத் தொடங்குவதால். அதோடு கூட்டமும் அலையும் தரும் பதற்றம். குளத்திலேயே சிலவற்றைப் பழகலாம். ஒரே தடத்தில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்துங்கள், கை இடித்தாலும் நிற்காதீர்கள். சுவரைத் தொடாமல் திரும்புங்கள். தடத்தில் ஆள் இல்லாதபோது பத்துக் கை வீச்சு கண்ணை மூடி நீந்தினால் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஆறு முதல் பத்து வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி முன்னால் பாருங்கள், தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். புக்கிட் ஜாலில் போன்ற 50 மீட்டர் குளத்தில் செய்வது நல்லது. 25 மீட்டர் குளத்தில் சுவரை உதைத்து வாங்கும் வேகம் ஏமாற்றும்.

மாதம் இருமுறையாவது போர்ட்டிக்சனுக்குப் போங்கள். இடுப்பில் கட்டும் மிதவையோடு, குறைந்தது மூன்று பேராக. நம் கடல்களில், லங்காவி, பினாங்குப் பக்கம் உட்பட, பெட்டி ஜெல்லிமீன்கள் உண்டு. காருக்குள் ஒரு லிட்டர் வினிகர் வைத்திருங்கள். கொட்டினால் வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்ற வேண்டும். மணல் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சு தடுமாறினால் உடனே 999.

நீச்சல் கண்ணாடி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கறுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். காலைச் சூரியன் நேரே முகத்தில் அடித்தால் மிதவை தெரியாது.

எனக்கு முன்னால் ஒருவர் புகுந்ததால் அருகில் போய்விட்டேன். 5 நிமிடத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். இது நியாயமா?
*வாசகர், கெப்போங்*

விதிப்படி சரிதான். அமெச்சூர்களுக்கு 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அவர் முன்சக்கரத்திலிருந்து உங்கள் முன்சக்கரம் வரை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அது 1.2 விநாடி. சாலையில் ஓர் அடையாளத்தை அவர் முன்சக்கரம் தாண்டியதும் எண்ணிப் பாருங்கள். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். உங்களை ஒருவர் முந்திவிட்டால், பின்வாங்க வேண்டியவர் நீங்கள்தான். மிதிப்பதை மூன்று, நான்கு விநாடி நிறுத்தினாலே இடைவெளி விழும். ஒட்டிக்கொண்டு போனதற்கு நீல அட்டை, அடுத்த தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம். அங்கே நிற்காமல் போனாலோ மூன்று நீல அட்டை வாங்கினாலோ தகுதி நீக்கம். ஸ்லாட்டுக்குப் போட்டியிடுகிறவருக்கு 5 நிமிடம் என்பது இரண்டு, மூன்று இடங்கள். முதல் 40 கிலோமீட்டரில் கூட்டம் கலையும் வரை பொறுமையாக இருங்கள்.

இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுகிறேன். என் தம்பி ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலர் பயன்படுத்துகிறான். அமெச்சூர்களுக்கும் மருந்துச் சோதனை உண்டா?
*வாசகர் (46), அம்பாங்*

உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் அமெச்சூர்களுக்கும் பொருந்தும். இன்சுலின் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அதற்காக நிறுத்த வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். மருத்துவ விலக்குச் சான்று வாங்க வேண்டும். நம் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அடாமாஸிடம் வழிமுறையைக் கேட்டு, மருத்துவரின் அறிக்கையோடு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரைக்குத் தடை இல்லை.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மிகாமல், சான்று இன்றிப் பயன்படுத்தலாம். தம்பி மேலும் கவனிக்க வேண்டியவை: மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், வாய்வழி ஸ்டீராய்டு இரண்டும் பந்தயக் காலத்தில் சிக்கல். பந்தயத்துக்கு முதல்நாள் 'தெம்புக்கு' கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றிக்கொள்வதும் கூடாது. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியே ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, தடைசெய்யப்பட்டது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத 'சத்து' லேகியங்களையும் தொடாதீர்கள்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பேன், ஒருவேளை உணவு. பயிற்சியைத் தொடரலாமா?
*வாசகர், வங்சா மாஜூ*

தொடரலாம், குறைத்துக்கொண்டு. தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. லங்காவி ஆண்டிறுதிப் பக்கம். இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பதால் விரத நாள்களை அடித்தளக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மெதுவாக, ஒரு தடவைக்கு 75 நிமிடத்துக்கு மிகாமல், உணவு நேரத்துக்குச் சற்று முன்பாக. வேகப் பயிற்சியும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் விரதம் முடிந்த பிறகு. சைவ உணவில் புரதம் குறையாமல் பாருங்கள். 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம், வெந்த பருப்பு ஒரு கிண்ணத்தில் 15 கிராமுக்கு மேல், அதோடு தவ்ஹூ, தயிர். தீபாவளிதான் உண்மையில் சிக்கல். பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைக்கும்போது அது வந்து சேரும். முறுக்கால் கெடுதல் இல்லை, இரவெல்லாம் விழித்திருப்பதால்தான் கெடுதல்.

புகைமூட்டக் காலத்தில் முகக்கவசம் போட்டு ஓடலாமா?
*வாசகி, ஷா ஆலம்*

வேண்டாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளிப் பயிற்சியை நிறுத்திவிட்டு டிரெய்னரில் மிதியுங்கள். கடினமாக மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்று ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு. டிரெய்னரில் ஒரு கவனம்: வியர்வை ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியிலும் ஹேண்டில்பார் திரும்பும் மூட்டான ஹெட்செட்டின் திருகுகளிலும் சொட்டி உள்ளுக்குள் துரு பிடிக்கும். துண்டு போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாடாவைப் பிரித்துப் பாருங்கள். உப்பு அரித்த திருகு, பந்தயத்துக்கு முதல்நாள் இறுக்கும்போதுதான் முறியும்.

ஸ்லாட் கிடைத்துவிட்டால் கோனா பயணத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும்?
*வாசகர், செப்பூத்தே*

முதல் வேலை விசா. மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்காவில் விசா விலக்கு இல்லை. ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்முகத் தேர்வு இருக்கிறது. ஸ்லாட்டை ஏற்றுக்கொண்ட வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். விசா கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்பும் என்று எண்ணாதீர்கள். நீஸ் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா தேவையில்லை.

அடுத்து சைக்கிள். கோனாவில் குறுக்குக் காற்று கடுமை என்பதால் ஆரக்கால் தெரியாமல் தட்டாக மூடிய முழுத்தட்டுச் சக்கரத்துக்கு அனுமதி இல்லை. உடல் எடை குறைந்தவர்கள் முன்சக்கரத்துக்கு ஆழம் குறைந்த ரிம் போடுங்கள். ஹாவி ஊரை நெருங்கும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் ஆழமான ரிம் கையைப் பிடுங்கும். மாற்று டியூபின் வால்வு உங்கள் ரிம்முக்கு எட்டுகிறதா என்று இங்கேயே மாட்டிப் பாருங்கள். 60 மில்லிமீட்டர் ரிம்முக்கு 80 மில்லிமீட்டர் வால்வு வேண்டும். காற்றடிக்கும் சி.ஓ.2 குப்பிகளை விமானத்தில் விடுவார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள், விடாவிட்டால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். மின் கியர் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குள் பொத்தான் அழுந்தியபடியே கிடந்து சார்ஜ் இறங்கிவிடும். கழற்றி எடுக்கக்கூடிய பேட்டரியானால் கைப்பையில் வையுங்கள்.

கியர் மாற்றும் பின் டிரெய்லியரைக் கழற்றித் துணி சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். அதைத் தாங்கும் ஹேங்கர்தான் பயணத்தில் முதலில் வளையும். அது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும் உதிரிப் பாகம். கூடுதலாக ஒன்றை இங்கேயே வாங்கிக் கருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பந்தய வாரத்தில் அந்தச் சிறிய ஊரில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் வந்து இறங்கும். உங்கள் மாடலுக்கான ஹேங்கர் கடையில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.